கதிரவன் எட்டாத் தொலைவில் ஓர் அடுப்பு

ஐம்பூதங்களை வகுத்துரைத்த தமிழ் மரபில் தீயும் வளியும் நெருங்கிய உறவுடையவை. வளி இல்லையேல் தீ இல்லை. விறகடுப்பாயினும் அகல்விளக்காயினும் காற்றை உண்டே எரிகின்றது. விசும்பிலோ வளி இல்லை. ஆகவே, விசும்பினுள் கலம் செலுத்த முற்பட்ட இருபதாம் நூற்றாண்டு மனிதன் எதிர்கொண்ட இடர்களுள் முதன்மையான ஒன்று, காற்றற்ற பெருவெளியில் கருவிகளுக்கு வேண்டிய வெப்பத்தையும் மின்னாற்றலையும் எங்கிருந்து பெறுவது என்பதாகும்.

புவியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்களுக்குக் கதிரவனே துணை. கதிரொளியை மின்னாக்கும் தகடுகளை விரித்துக்கொண்டு அவை ஆண்டுக்கணக்கில் இயங்குகின்றன. ஆனால், ஒளி தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குன்றிவிடும் இயல்புடையது. கதிரவனிடமிருந்து புவி இருக்கும் தொலைவைப் போல் 5.2 மடங்கு தொலைவிலுள்ள வியாழனில், புவியில் விழும் ஒளியில் 27இல் ஒரு பங்கே விழுகின்றது. சனியில் அது 90இல் ஒரு பங்கு. நெப்டியூனில் 900இல் ஒரு பங்கு. அண்மையில் உள்ள நிலவிலும் ஓர் இரவு பதினான்கு நாள் நீள்கின்றது. அவ்விரவில் தகடுகளால் பயனில்லை; மின்கலங்களும் விரைவில் வறண்டுவிடும்.

இவ்விடரைத் தீர்த்தது ஓர் அடுப்பு. காற்று வேண்டாத, ஊதித் தூண்ட முடியாத, அணைக்கவும் முடியாத அடுப்பு அது. நிலையற்ற அணுக்கருக்கள் தாமே சிதையும்போது வெளிப்படும் வெப்பத்தை மின்னாற்றலாக மாற்றும் கருவியையே இவ்வாறு குறிப்பிடுகின்றோம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விண்கலங்களுக்கு உயிரூட்டிவரும் இக்கருவியின் வரலாற்றை ஒரு பொறியியல் வெற்றியாக மட்டும் எழுதிவிடுவது எளிது. எந்த அடுப்பைப் பற்றியும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை இதனிடமும் கேட்டாக வேண்டும். அதன் விறகு எங்கிருந்து வந்தது? அதன் சாம்பல் எங்கே விழுந்தது? தணல் குறையும்போது எதைக் காப்பது, எதைக் கைவிடுவது? இம்மூன்று கேள்விகளே இவ்வரலாற்றின் உட்பொருள் எனலாம்.

தானே சுடும் பொருள்

1896ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஹென்றி பெக்கெரல் யுரேனிய உப்புகளிலிருந்து கண்ணுக்குப் புலப்படாக் கதிர்கள் வெளிவருவதைக் கண்டார். 1898இல் மேரி கியூரியும் பியேர் கியூரியும் பொலோனியம், ரேடியம் என்னும் இரு புதிய தனிமங்களை அறிவித்தனர். அதன்பின் ஐந்தாண்டுகள் கழித்து, 1903ஆம் ஆண்டில், பியேர் கியூரி தம் உதவியாளர் ஆல்பர் லபோர்டுடன் சேர்ந்து மற்றோர் உண்மையை அளந்து காட்டினார். ரேடியம் எப்பொழுதும் தன் சுற்றுப்புறத்தைவிடச் சற்று வெப்பமாகவே இருந்தது. ஒரு கிராம் ரேடியம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 100 கலோரி வெப்பத்தை வெளியிட்டது. தன் எடைக்குச் சமமான பனிக்கட்டியை ஒரு மணி நேரத்திற்குள் உருக்கிவிடப் போதுமான வெப்பம் இது. மறுமணி நேரமும் அவ்வாறே. அதற்கடுத்த மணி நேரமும் அவ்வாறே.

எரியாமல் சுடும் ஒரு பொருள் அக்கால அறிவியலாளரைத் திகைக்க வைத்தது. ஆற்றல் இன்மையிலிருந்து தோன்றுவதில்லை என்னும் விதியே ஆட்டங்கண்டதோ என்று ஐயுற்றோரும் உளர். எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டும் ஃபிரெடெரிக் சாடியும் இப்புதிருக்கு விடை தந்தனர். அணு அழிவற்றது என்னும் பழங்கொள்கை தவறு. சில தனிமங்களின் அணுக்கள் சிதைந்து வேறு தனிமங்களாக மாறுகின்றன. அம்மாற்றத்தின்போதே ஆற்றல் வெளிப்படுகின்றது. எந்தத் தனியணு எப்பொழுது சிதையும் என்று எவராலும் கூறவியலாது. எனினும், ஒரு பொருளில் உள்ள அணுக்களில் சரிபாதி சிதைவதற்கு ஆகும் காலம் மாறுவதில்லை. அதுவே அரை ஆயுட்காலம் எனப்படுகின்றது. சூடாக்கினாலும் குளிர்வித்தாலும் அழுத்தினாலும் இக்கால அளவை மாற்ற இயலவில்லை.

இவ்வெப்பத்தை மின்னாக்கும் வழியும் முன்னமே கண்டறியப்பட்டிருந்தது. 1821ஆம் ஆண்டில் தாமஸ் சீபெக் என்னும் ஜெர்மானிய அறிஞர், இருவேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கினார். அருகிலிருந்த காந்த ஊசி திரும்பிற்று. வெப்பம் காந்தமாக மாறிவிட்டதென்றே அவர் கருதினார். உண்மையில், சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் இடையிலுள்ள வேறுபாடு வளையத்தில் மின்னோட்டத்தை உண்டாக்கியிருந்தது. சுழலும் சக்கரமோ கொதிக்கும் நீரோ இன்றி வெப்பத்திலிருந்து நேரே மின்னைப் பெறும் இவ்வமைப்பு பின்னர் வெப்ப மின்னிரட்டை எனப் பெயர் பெற்றது. நகரும் உறுப்பு எதுவும் இல்லாமையால் தேய்மானத்திற்கும் இடமில்லை. சீபெக்கின் இக்கண்டுபிடிப்பும் கியூரியின் வெப்ப அளவீடும் ஒன்றுசேர நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாயின.

இடையில் ஓர் இளைஞர் வேறொரு வழியை முயன்றார். அணு எண்ணின் பொருளை உலகுக்கு உணர்த்திய இங்கிலாந்து நாட்டு ஹென்றி மோஸ்லி, 1913இல் ரேடியத்திலிருந்து வெளிவரும் மின்னூட்டத் துகள்களைக் கொண்டே ஒரு மின்கலத்தை அமைத்துக் காட்டினார். அணுவிலிருந்து மின்னைப் பெறும் முதல் முயற்சி இதுவே. அவர் 1915இல் கலிப்போலிப் போர்க்களத்தில் 27 வயதில் மாண்டார். அணுவாற்றலின் வரலாற்றில் போரின் நிழல் எவ்வளவு தொடக்கத்திலேயே விழுந்துவிட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

விறகு தேடிய காலம்

அடுப்பிற்கேற்ற விறகைத் தேர்வது எளிதாக இருக்கவில்லை. அரை ஆயுட்காலம் மிகக் குறுகியதாயின் வெப்பம் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால் விரைவில் தீர்ந்துவிடும். மிக நீண்டதாயின் நெடுங்காலம் நிலைக்கும். ஆனால் ஒரு பயனுக்கும் ஆகாத அளவு மெல்லிய வெப்பமே கிடைக்கும். பொலோனியம்-210இன் அரை ஆயுட்காலம் 138 நாள். அது வைக்கோல் தீயைப் போன்றது. யுரேனியம்-238இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. அதைக் கையில் வைத்திருந்தாலும் வெதுவெதுப்பு தெரியாது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பொருள் 1940ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்கிலி நகரில் பிறந்தது. கிளென் சீபோர்க், எட்வின் மெக்மில்லன், ஜோசப் கென்னடி, ஆர்தர் வால் ஆகியோர் யுரேனியத்தை டியூட்ரான் துகள்களால் தாக்கிப் புதிய தனிமம் ஒன்றை உண்டாக்கினர். 1941 பிப்ரவரியில் அதனை வேதிமுறையில் உறுதிசெய்தனர். 1930இல் கண்டறியப்பட்ட புளூட்டோவின் பெயரால் அது புளூட்டோனியம் எனப்பட்டது. அவர்கள் முதலில் கண்டது புளூட்டோனியம்-238 என்னும் வகையாகும். நாகசாகி நகரை அழித்த குண்டில் இருந்தது அதன் உடன்பிறப்பாகிய புளூட்டோனியம்-239. முன்னதால் குண்டு செய்வதில்லை. அதன் அரை ஆயுட்காலம் 87.7 ஆண்டு, அதாவது ஏறத்தாழ ஒரு மனிதனின் நிறைவாழ்நாள். ஒரு கிராம் அளவிலிருந்து அரை வாட்டிற்குச் சற்று மிகுதியான வெப்பம் இடையறாது வெளிப்படும். அதிலிருந்து எழும் ஆல்ஃபா துகள்களை ஒரு தாள் தடுத்துவிடும். ஆனால் அது நுண்தூளாகி மூச்சுடன் நுரையீரலுள் புகுமாயின் பெருந்தீங்கு விளைக்கும்.

1954ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தின் மையாமிஸ்பர்க்கில் இருந்த மவுண்ட் ஆய்வகத்தில், கென்னத் ஜோர்டன், ஜான் பேர்டன் என்னும் இருவர் வெப்ப மின்னிரட்டைகளையும் கதிரியக்கப் பொருளையும் முதன்முதலில் ஒன்றுசேர்த்தனர். அணுகுண்டின் உறுப்புகளைச் செய்துவந்த ஆய்வகம் அது. அவர்கள் பயன்படுத்தியது அங்குக் கிடைத்த பொலோனியம். 1959 ஜனவரியில், ஒரு பழத்தின் அளவேயுடைய அத்தகைய கருவி ஒன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவரின் மேசைமீது வைத்துக் காட்டப்பட்டது.

இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1961 ஜூன் 29ஆம் நாள், டிரான்சிட்-4ஏ என்னும் கடற்படை வழிகாட்டிச் செயற்கைக்கோள் அத்தகைய கருவியைச் சுமந்து விண்ணேறிற்று. எரிபொருள் புளூட்டோனியம்-238. எடை 2 கிலோவிற்குச் சற்றே மிகுதி. கிடைத்த மின்னாற்றல் 2.7 வாட் மட்டுமே. ஒரு சிறு விளக்கிற்கும் போதாத அவ்வாற்றலே விண்வெளியில் மனிதன் ஏற்றிய முதல் அணு அடுப்பாகும். இதில் சங்கிலித் தொடர்வினை இல்லை; அணு உலையும் இதுவும் வேறு. புளூட்டோனியம் தன் போக்கில் யுரேனியம்-234ஆக மாறிக்கொண்டிருக்க, அதன் சூட்டிற்கும் விசும்பின் குளிருக்கும் இடையே மின்னிரட்டைகள் நிற்கின்றன. வெப்பத்தில் ஏழு விழுக்காடு அளவே மின்னாகும். எஞ்சியது விசும்பில் கலந்துவிடும்.

சாம்பல் விழுந்த இடங்கள்

முதல் வெற்றிக்குப்பின் மூன்றாம் ஆண்டிலேயே முதற்கேடு நேர்ந்தது. 1964 ஏப்ரல் 21ஆம் நாள் செலுத்தப்பட்ட டிரான்சிட் வகைச் செயற்கைக்கோள் ஒன்று சுற்றுப்பாதையை எட்டாமல் இந்தியப் பெருங்கடலின் மேல் மீள வீழ்ந்தது. அதிலிருந்த ஸ்நாப்-9ஏ கருவி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்து தூளாயிற்று. ஏறக்குறைய 1 கிலோ புளூட்டோனியம், கதிரியக்க அளவில் 17,000 கியூரி, வளிமண்டலத்தில் கலந்தது. அதுவரை நிகழ்ந்த அணுகுண்டு வெடிப்புகள் அனைத்தும் சேர்ந்து பரப்பிய புளூட்டோனியம்-238இன் அளவைவிட இது மிகுதியாகும். பின்னர் உலகின் எல்லாக் கண்டங்களிலும் அதன் சுவடு காணப்பட்டது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அக்கருவி பழுதுபட்டு எரிந்ததன்று. எரிந்து தூளாகட்டும் என்றே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. மேல்வெளியில் மெல்லியதாய்ப் பரவிவிட்டால் எவருக்கும் கேடில்லை என்பது அக்காலக் கணக்கு. எல்லாருடைய காற்றிலும் சிறிது கலப்பது எவருடைய காற்றிலும் கலவாததற்கு ஒப்பாகும் என்னும் அக்கணக்கை எவரும் உலகத்தாரிடம் கேட்டு எழுதவில்லை. 1964இன் பாடத்திற்குப்பின் கொள்கை மாறிற்று. வீழ்ந்தாலும் மோதினாலும் எரிபொருள் உறை உடையாதிருத்தல் வேண்டும் என்பது விதியாயிற்று. 1968 மே மாதத்தில் நிம்பஸ் வானிலைச் செயற்கைக்கோளைச் சுமந்த ஏவுகலம் கலிபோர்னியக் கரையருகே அழிக்கப்பட நேர்ந்தபோது, கடலடியில் கிடந்த எரிபொருள் ஐந்து மாதங்களுக்குப்பின் பழுதின்றி மீட்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டது. 1970 ஏப்ரலில் நிலவில் இறங்காமலே திரும்பிய அப்பல்லோ-13இன் நிலவுக்கலத்தில் ஏறத்தாழ 3.8 கிலோ புளூட்டோனியம் இருந்தது. அது பசிபிக் பெருங்கடலின் டோங்கா ஆழ்குழிப் பகுதியில் வீழ்த்தப்பட்டது. உறை உடைந்ததற்கான கதிரியக்க அறிகுறி எதுவும் காற்றிலோ நீரிலோ தென்படவில்லை. அவ்வடுப்பு இன்றும் கடலடி இருளில் சுட்டுக்கொண்டிருக்கின்றது.

இவ்வரிசையில் இந்திய மண்ணைத் தொட்ட நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 1964 அக்டோபரில் சீனம் தன் முதல் அணுகுண்டை வெடித்ததை அடுத்து, சீனத்தின் ஏவுகணைச் சோதனைகளை ஒட்டுக்கேட்கும் கருவி ஒன்றை இமயத்தின் நந்தாதேவிச் சிகரத்தில் நிறுவ அமெரிக்க, இந்திய உளவுத்துறைகள் கூடித் திட்டமிட்டன. விண்கலத்திற்கென உருவான அதே ஸ்நாப் குடும்பத்துப் புளூட்டோனியக் கருவியே அதற்கும் ஆற்றல் மூலம். 1965 அக்டோபரில் பனிப்புயல் எழவே, ஏறுகுழுவினர் கருவியை மலைச்சரிவில் கட்டிவைத்துவிட்டு இறங்கினர். மறு ஆண்டு சென்று பார்த்தபோது அதனைக் காணவில்லை. 1978 ஏப்ரலில் தலைமை அமைச்சர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் இதனை ஒப்புக்கொள்ளும் வரை நாட்டு மக்கள் அறியார். அம்மலையின் பனி உருகி ரிஷிகங்கையாய் இழிந்து கங்கையில் கலக்கின்றது. கருவி இன்றளவும் கிடைக்கவில்லை. விசும்பிற்குச் செல்ல வேண்டிய அடுப்பு ஓர் ஆற்றின் தலைமாட்டில் புதைந்துபோயிற்று. மறைத்து வைத்தோரின் பிழை, அவ்வாற்றின் கரையில் வாழ்வோர்க்கு நீங்காக் கவலையாய் எஞ்சியது.

நிலவின் நீளிரவு

சாம்பலைப் பற்றிய அச்சத்தினிடையே அடுப்பு தன் பயனையும் நிலைநாட்டிக்கொண்டது. 1969 நவம்பரில் அப்பல்லோ-12 வீரர்களான பீட் கான்ராடும் ஆலன் பீனும் நிலவில் ஆய்வுக்கருவி நிலையம் ஒன்றை நிறுவினர். அதன் ஆற்றல் மூலமான ஸ்நாப்-27இன் எரிபொருள், கலத்தின் வெளிப்புறத்தில் தனி உறையில் கொண்டுசெல்லப்பட்டிருந்தது. பீன் அதனை உருவ முயன்றபோது அது உறையில் இறுகிக்கொண்டு வர மறுத்தது. கான்ராட் சுத்தியல் கொண்டு உறையைத் தட்டித் தட்டியே அதனை விடுவித்தார். நுட்பத்தின் உச்சியிலும் இறுதியில் கைகொடுத்தது கொல்லன் பட்டறைக் கருவியே.

பின்வந்த அப்பல்லோ பயணங்கள் மேலும் நான்கு நிலையங்களை நிறுவின. பதினான்கு நாள் இரவையும் தாண்டி அவை நிலவின் நடுக்கங்களைப் பதிவு செய்தன. 1977 செப்டம்பர் 30ஆம் நாள் செலவைக் குறைக்கும்பொருட்டு அவற்றின் தொடர்பு துண்டிக்கப்பட்டது. சோவியத் நாடும் 1970இல் நிலவில் ஓடவிட்ட லுனகோத்-1 ஊர்தியை இரவில் காக்கப் பொலோனிய வெப்பத்தையே நம்பியது. இத்தகைய வெப்பம் இல்லாதபோது நேர்வது என்ன என்பதை 2023ஆம் ஆண்டு காட்டிற்று. ஆகஸ்ட் 23ஆம் நாள் நிலவின் தென்முனை அருகே இறங்கிப் புகழ்கொண்ட இந்தியாவின் விக்ரம் கலம், தன் பணியை நிறைவாக முடித்து உறங்கச் சென்றது. இரவின் கடுங்குளிருக்குப்பின் அதனை எழுப்பச் செய்த முயற்சிகள் பயன்தரவில்லை. அதற்குக் கதிரொளித் தகடும் மின்கலமும் உண்டு. அடுப்பு மட்டும் இல்லை.

வீணான வெப்பமும் வீணாகவில்லை

1972 மார்ச்சில் புறப்பட்ட பயனியர்-10, வியாழனை அணுகிய முதற்கலம். அதுவும் அதன் இணையான பயனியர்-11ம் நான்கு நான்கு ஸ்நாப்-19 கருவிகளைக் கொண்டிருந்தன. பயனியர்-10இன் கடைசிக் குறிப்பொலி 2003 ஜனவரியில் கேட்டது.

இக்கலங்கள் அறிஞர்க்கு ஒரு புதிரை விட்டுச்சென்றன. கணக்கிட்ட இடத்தைவிட அவை கதிரவனை நோக்கிச் சற்றே பின்தங்கியிருந்தன. காரணம் அறியாத ஏதோ ஒன்று அவற்றை மிக மெல்லப் பின்னிழுத்தது. ஈர்ப்பு விதியிலேயே குறையோ என்று வினவும் அளவிற்கு இது வளர்ந்தது. பழைய நாடாக்களிலும் தாள்களிலும் சிதறிக்கிடந்த பதிவுகளைப் பல ஆண்டுகள் திரட்டி ஆய்ந்த ஸ்லாவா துரிஷெவும் அவர்தம் குழுவினரும் 2012இல் விடையை வெளியிட்டனர். விண்கலத்திலிருந்து வெளியேறிய வெப்பம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரவவில்லை. ஒரு பக்கம் சற்றே மிகுதியாகக் கதிர்வீசிய அவ்வெப்பம், கலத்தை எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தது. மின்னாகாமல் வீணாகப் போனதென்று விடப்பட்ட சூடு, பத்தாண்டுகளாக ஒரு கலத்தின் பாதையையே மாற்றிவந்துள்ளது. நியூட்டனும் ஐன்ஸ்டைனும் தப்பினர்.

1977ஆம் ஆண்டில் வாயேஜர் இணைக்கலங்கள் புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் மூன்று அடுப்புகள். ஒவ்வோர் அடுப்பிலும் புளூட்டோனியம் ஆக்சைடு உருண்டைகள் 24. உள்முனை ஏறத்தாழ 1000 பாகை செல்சியசிலும் வெளிமுனை 300 பாகையிலும் இருக்க, புறப்பட்டபோது மொத்தம் ஏறத்தாழ 470 வாட் மின்னாற்றல் கிடைத்தது. வீட்டில் இயங்கும் மாவரைக்கும் கருவி ஒன்றின் ஆற்றலே அது. அதைக் கொண்டு வியாழனையும் சனியையும் யுரேனசையும் நெப்டியூனையும் மனிதகுலம் அருகிருந்து கண்டது. வாயேஜர்-1, 2012 ஆகஸ்டிலும், வாயேஜர்-2, 2018 நவம்பரிலும் கதிரவக் காற்றின் எல்லையைக் கடந்து விண்மீன்களின் இடைவெளியில் புகுந்தன.

போர்க்கொட்டிலில் வெட்டிய விறகு

இவ்வெற்றிகள் அனைத்திற்கும் எரிபொருள் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வியைத் தவிர்ப்பதற்கில்லை. புளூட்டோனியம்-238 இயற்கையில் பயன்கொள்ளும் அளவில் கிடைப்பதன்று. அமெரிக்காவில் அது தென் கரோலைனாவின் சவானா ஆற்றுப் பகுதியில், அணுகுண்டுகளுக்கான பொருள்களைச் செய்ய எழுப்பப்பட்ட உலைகளிலேயே உண்டாக்கப்பட்டது. பனிப்போர் தணியத் தொடங்கிய 1988ஆம் ஆண்டில் அவ்வுலைகளின் பணி நின்றது. விண்கல எரிபொருளின் ஆக்கமும் உடன் நின்றது. 1990களில் அமெரிக்கா, தன் பழைய பகைநாட்டின் வழித்தோன்றலான இரசியாவிடம் அதனை விலைக்கு வாங்கியது. பின்னர் இரசியாவும் தருவதை நிறுத்திற்று. ஓக் ரிட்ஜ் ஆய்வகம் நெப்டியூனியத்திலிருந்து புதிதாக 50 கிராம் அளவை ஆக்கியதாக அறிவித்தது 2015 டிசம்பரில்தான். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு மேலாக, உலகின் மிக உயர்ந்த அறிவுத்தேட்டம் பழைய கொட்டிலில் மிச்சமிருந்த விறகை எண்ணி எண்ணி எரித்துவந்தது.

பொதுமக்களின் எதிர்ப்பும் இக்காலத்தில் எழுந்தது. 1997 அக்டோபரில் சனிக்கோளை நோக்கிப் புறப்படவிருந்த கசினி கலத்தில் ஏறத்தாழ 33 கிலோ புளூட்டோனியம் ஆக்சைடு இருந்தது. கனாவரல் முனையில் மக்கள் திரண்டு கிளர்ச்சி செய்தனர். சிலர் நீதிமன்றத்தையும் நாடினர். அவர்களை அறிவியலின் பகைவர் என்று ஒதுக்குவது முறையன்று. 1964இல் நிகழ்ந்ததை அவர்கள் மறந்திருக்கவில்லை. 1996 நவம்பரில் சிறு புளூட்டோனியக் கருவிகளுடன் தென் அமெரிக்காவின் அருகே வீழ்ந்த இரசியாவின் மார்ஸ்-96 கலமும் கண்முன் இருந்தது. கசினி கேடின்றிச் சென்று, 2005 ஜனவரியில் டைட்டான் நிலவில் ஹைகன்ஸ் கலத்தை இறக்கி, 2017 செப்டம்பர் 15ஆம் நாள் சனியினுள் மூழ்கி முடிந்தது. எனினும் ஒரு பயணம் நலமாய் முடிந்தமையால் அக்கேள்வி பொருளற்றதாகிவிடாது. இடர் சிறிதாயினும் அதனைச் சுமப்போரின் இசைவு வேண்டும் என்பதே கிளர்ச்சியாளர் எழுப்பிய கேள்வி. உறைகளை மேலும் வலுவாக்கும்படியும், ஏவுமுன் இடர்க்கணக்கை ஊரறிய வெளியிடும்படியும் செய்ததில் அத்தகைய கேள்விகளுக்குப் பங்குண்டு.

கதிரொளித் தகடுகளின் எல்லையும் இதனிடையே விரிந்தது. 2011இல் புறப்பட்ட ஜூனோ கலம் வியாழன் வரை அவற்றாலேயே சென்றது. ஆயினும் புவியருகே 14,000 வாட் தரவல்ல தகடுகள் அங்கு ஏறத்தாழ 500 வாட் மட்டுமே தந்தன. வியாழனுக்கு அப்பால் அடுப்பின்றி வழியில்லை. 2006இல் புறப்பட்டு 2015 ஜூலை 14ஆம் நாள் புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸ் கலம், புளூட்டோவின் பெயர் கொண்ட எரிபொருளையே புளூட்டோவிற்குச் சுமந்து சென்றது.

தணல் குறையும் வேளை

மூன்றாம் கேள்விக்கு விடை இன்றும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றது. புளூட்டோனியம் சிதையச் சிதைய வெப்பம் குறைகின்றது. மின்னிரட்டைகளும் மெல்ல நலிகின்றன. வாயேஜர்களின் ஆற்றல் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 வாட் வீதம் குறைந்து, புறப்பட்டபோது இருந்ததில் பாதிக்கும் கீழாகிவிட்டது. எஞ்சியதைக் கொண்டே பேசவும் வேண்டும். எரிபொருட்குழாய் உறையாமல் காக்கவும் வேண்டும். கருவிகளை இயக்கவும் வேண்டும்.

1990 பிப்ரவரி 14ஆம் நாள் வாயேஜர்-1 திரும்பிப் பார்த்துக் கதிரவக் குடும்பத்தைப் படமெடுத்தது. கார்ல் சேகன் பல ஆண்டுகள் வலியுறுத்தியதன் பயன் அது. அப்படத்தில் புவி ஒரு புள்ளியினும் சிறிது. அதன்பின் கண்கள் மூடப்பட்டன. படக்கருவி மீண்டும் இயக்கப்படவில்லை. 2019இல் வாயேஜர்-2இன் அண்டக்கதிர்க் கருவிக்குச் சூடூட்டிய வெப்பி நிறுத்தப்பட்டது. கருவியின் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 59 பாகைக்கு இறங்கிற்று. செய்தவர்கள் அதனைச் சோதித்துப் பார்த்தது சுழியத்திற்குக் கீழ் 45 பாகை வரையே. எனினும் அது தொடர்ந்து பேசியது. 2024 செப்டம்பரில் வாயேஜர்-2இன் பிளாஸ்மா கருவி நிறுத்தப்பட்டது. 2025 பிப்ரவரியில் வாயேஜர்-1இன் அண்டக்கதிர்க் கருவியும், மார்ச்சில் வாயேஜர்-2இன் தாழ்ஆற்றல் துகள் கருவியும் நிறுத்தப்பட்டன. அவை பழுதானவை அல்ல. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கருவிகளையே, மற்றவை சில காலம் வாழட்டும் என்பதற்காக, அவற்றைப் பேணிய கைகளே அடக்கின. கட்டளை கலத்தை எட்டவே ஒருநாளின் பெரும்பகுதி ஆகின்றது. அது நிறைவேறியது என்னும் மறுமொழி வர மீண்டும் அவ்வளவு காலம் ஆகின்றது.

வாயேஜர்கள் ஒவ்வொன்றும் ஒரு பொன்முலாம் பூசிய இசைத்தட்டைச் சுமந்துள்ளன. 55 மொழிகளில் வாழ்த்துரைகள் அதில் உண்டு. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. கேசர்பாய் கேர்கரின் இந்துஸ்தானி இசை உண்டு. மொழிகளைத் தொகுத்தோர் குறுகிய காலத்தில் கிடைத்தவற்றைக் கொண்டு செய்த பணி அது. இனி அதில் ஒரு சொல்லையும் சேர்க்க இயலாது. அவ்வாழ்த்துகளைச் சுமந்து செல்லும் கலத்தை இயக்குவதோ போர்க்கால உலையில் பிறந்த வெப்பம். மனிதகுலம் தன் நல்லெண்ணத்தை அனுப்ப வேண்டியிருந்தபோது, அதன் கையில் இருந்த விறகு அதுவாகத்தான் இருந்தது.

அவ்விசைத்தட்டின் உறைமீது தூய யுரேனியம்-238 ஒரு சிறு பொட்டாகப் பூசப்பட்டுள்ளது. எப்பொழுதேனும் எவரேனும் அதனைக் கண்டெடுத்தால், அதில் எவ்வளவு சிதைந்துள்ளது என்று அளந்து, கலம் புறப்பட்டு எத்தனைக் காலமாயிற்று என்று அறிந்துகொள்ளலாம். அடுப்பிற்கு உதவாது என்று கழிக்கப்பட்ட அதே மந்தமான பொருள் அங்குக் கடிகாரமாயிற்று.

ஒருநாள் மின்னாற்றல் போதாமற்போய், வாயேஜர்களின் பேச்சு நின்றுவிடும். அப்பொழுதும் அடுப்பு அணைந்திராது. 2065ஆம் ஆண்டளவில்தான் அதன் வெப்பம் தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகும், அதற்கடுத்த 87.7 ஆண்டுகளில் கால்பங்காகும். கேட்பார் எவரும் இல்லாத தொலைவில், ஒரு சொல்லும் அனுப்ப இயலாத கலம் நெடுங்காலம் வெதுவெதுப்பாகவே சென்றுகொண்டிருக்கும்.